மாமன் வருமுன் அடித்த மொட்டை

ஜனவரி 11, ஞாயிறு

கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். யார் மன்னிக்க வேண்டும் என்று தெரியவில்லை. இந்த நோட்டைத் தொடமாட்டேன் என்று என் மகள் ஜெபக்கனி சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். காலமெல்லாம் சவரக்கத்தி பிடித்த விரல்கள். பேனாவையும் கத்தியைப் போலவே சாய்த்துப் பிடிக்கின்றன. அதனால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. கோட்டின் மேல் நில் என்றால் நிற்பதில்லை.

என் பெயர் வேதமாணிக்கம். திருச்செந்தூர் ரோட்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்தேன். கடைப் பலகையில் என் பெயர்தான் எழுதியிருந்தது. அப்போது அதை என்னால் வாசிக்க முடியாது. மனைவி இறந்த பிறகு, மிஷனில் நர்சாக இருக்கும் ஜெபக்கனி, "தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க, என்கூட வாங்கப்பா" என்று ஆப்பிரிக்காவுக்கே கூட்டி வந்துவிட்டாள். இது மலாவி தேசத்தில் சிம்வாலா என்ற சின்ன ஊர். போன மழைக்காலத்தில் எழுத்துச் சொல்லித் தர ஆரம்பித்தாள். இந்த மழைக்காலத்தில் எழுதுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று காலை ஊறுகாய் பாட்டிலில் "எலுமிச்சை" என்று இருந்ததை நானே வாசித்தேன். இத்தனை காலம் மூடியைத் திறந்து மோந்துதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு என் மனைவியின் பெயரை எழுதிப் பார்த்தேன். அன்னத்தாய். நன்றாகத்தான் வந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

மழை. எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். என்ன ஒரு சுகம்!

ஜனவரி 17, சனி

எனக்குப் பிடித்த நாள் சனிக்கிழமை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு எங்கள் மிஷனில் தினமும் மத்தியானம் சோளக்கஞ்சி உண்டு. சர்க்கரையும் வேர்க்கடலை மாவும் போட்டு ஊர்ப் பெண்கள் காய்ச்சுவார்கள். ஜெபக்கனி மருந்து கொடுப்பாள், வேதப்பாடம் சொல்வாள். பிள்ளைகள் இங்கே தங்குவதில்லை. சாயங்காலம் அத்தை வீடோ சித்தி வீடோ, அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். "பிள்ளைக்கு வீடு வேணும்பா, விடுதி வேண்டாம்" என்பது ஜெபக்கனியின் கட்சி. சனிக்கிழமை கஞ்சி முடிந்ததும் மாமரத்தடியில் என் முக்காலியைப் போடுவேன். பிள்ளைகள் முடிவெட்ட வரிசையில் நிற்பார்கள்.

இன்று புதிதாக இரண்டு பேர். அலினாபே, எட்டு ஒன்பது வயதுப் பெண். அவள் இடுப்பில் நாலு வயதுத் தம்பி லிம்பானி. தகப்பன் எப்போதோ போய்விட்டான். தாய் கிறிஸ்துமசுக்கு முன்னால் காய்ச்சலில் இறந்தாள். இப்போது பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். பையனின் தலையெல்லாம் புண்ணும் பேனும். சொறிந்து சொறிந்து ரத்தம்.

நான் கத்தியை எடுத்ததும் பையன் அலறினான். அக்காக்காரி என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவனை இறக்கிவிட்டு, தானே முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "முதல்ல எனக்கு எடுங்க. வலிக்கலைன்னு அவன் பார்க்கட்டும்" என்றாள். இந்த ஊர்ப் பாஷையில் சின்னச் சின்னப் பேச்சு எனக்குப் புரியும், பேசவும் கொஞ்சம் வரும்.

எடுத்தேன். தலையா அது! பனங்காய் போல அத்தனை அழகு. தம்பி சிரித்தான். அவனுக்கும் எடுத்தேன். புண்ணில் மருந்து தடவும்போதுகூட அழவில்லை. நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது கஞ்சிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டு ஐயோ என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஊர்த்தலைவி வந்துவிட்டாள். பெயர் மாய் சிசாலே. மாய் என்றால் அம்மா. மலை போன்ற பெண். சர்ச்சில் அவள் பாடினால் ஓடு அதிரும்.

அவள் சொன்னதை ஜெபக்கனி எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கை வைக்கக் கூடாது. தாய்மாமன் வர வேண்டும். அவன் கையால் எல்லாருக்கும் முடி எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் துக்கம் முடிகிறது. அன்றைக்கே, "இந்தப் பிள்ளைகள் என்னுடையவர்கள்" என்று மாமன் ஊர் அறியச் சொல்வான். மாமனுக்கு மலூமே என்று பெயர். இந்தப் பிள்ளைகளின் மலூமே தொகோசானி, தெற்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். இன்னும் வரவில்லை.

"அவனுக்கு வச்சிருந்த நாற்காலியில நீங்க போய் உட்கார்ந்துட்டீங்க, தாத்தா" என்றாள் மாய் சிசாலே. "அவன் ரோஷக்காரன். என்னைக் கேக்காம முடிச்சுட்டீங்கல்ல, நீங்களே பாருங்கன்னு போயிட்டா? தகப்பன் வழி ஆளுங்க ஏரிக்கரையில இருக்காங்க. கொஞ்சம் வளர்ந்ததும் ஆடு மேய்க்கலாம்னு பையனைக் கேக்கறாங்க. தையல்காரன் பொண்டாட்டி, பிள்ளை தூக்கறதுக்குப் பெண்ணைக் கேக்கறா. அவன் விட்டா ஒண்ணு அங்க போகும், ஒண்ணு இங்க போகும்."

எனக்கு வந்த வெட்கத்தை எந்த எழுத்தில் எழுதுவது? ஊரில் எத்தனை குழந்தைகளை மாமன் மடியில் வைத்து மொட்டை அடித்திருக்கிறேன்! மாமன் பஸ் தவறிவிட்டால் கத்தியைத் தீட்டியபடி காத்திருந்திருக்கிறேன். சட்டமெல்லாம் தெரிந்தவன்தான். இங்கேயும் மாமன் உண்டு என்று மட்டும் தோன்றவில்லை.

மாய் சிசாலே தீர்ப்புச் சொன்னாள். உண்மையான மலூமே வரும்வரை மலூமேயின் வேலையை நான் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் தாய் விட்டுப்போன சோள வயலில் களை எடுக்க வேண்டும். விறகு கொண்டு போட வேண்டும். பிள்ளைகள் மேல் பிராது வந்தால் நான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

"இவருக்கு முதுகு வலி உண்டு" என்றாள் ஜெபக்கனி.

"கத்தி எடுக்கும்போது வலிக்கலையே" என்றாள் மாய் சிசாலே.

ஜனவரி 20, செவ்வாய்

களை எடுத்தேன். முதுகு போயிற்று.

ஜனவரி 22, வியாழன்

இன்றும் வயல். அலினாபே வரப்பில் தம்பியை உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றாள். நான் இரண்டு செடிக்கு மண் அணைப்பதற்குள் அவள் வரிசையை முடித்துவிட்டாள்.

"தாத்தா, சோளத்தைத் தடவிக் கொடுக்காதீங்க. அது தலை இல்ல."

"பொறு தாயி. வயசானவன்."

"மாய் சிசாலே உங்களைவிட வயசானவங்க. அவங்க வயலைப் பாருங்க."

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். மாமன் வருமுன் முடி எடுக்கக் கூடாது என்று அவளுக்கு முன்பே தெரியுமாம். "தம்பிக்கு அரிச்சுது. தூங்கவே இல்லை. மாமாவும் வரல. அதான் நான் முதல்ல உட்கார்ந்தேன்."

நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இதை யாரிடமும் சொல்லாதே என்றேன். தெரியாத வெளியூர்க்கிழவன் செய்தான் என்றால் ஊர் மன்னித்துவிடும். தெரிந்து செய்த பெண் என்று இவளுக்குப் பெயர் வரக் கூடாது. அவள் மண்ணை வெட்டினாள்.

ஜனவரி 26, திங்கள்

மலூமே உத்தியோகத்தில் முதல் பிராது. லிம்பானி யாரோ ஒருவருடைய கோழியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டான். கோழிக்குச் சேதம் இல்லை. அரிசிக்கு உண்டு. நான் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி, முழங்காலை மடித்து, மன்னிப்புக் கேட்டேன். இங்கே அப்படித்தான் கேட்க வேண்டுமாம். மடித்த முழங்கால் நிமிரவில்லை. கோழிக்காரியே என்னைத் தூக்கிவிட்டாள். திட்ட வந்தவள் சிரித்துக்கொண்டே போனாள்.

திரும்பி வரும்போது லிம்பானி என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். விரல் முழுதும் கஞ்சி. கழுவ மறந்துபோனேன்.

ஜனவரி 29, வியாழன்

எங்கள் பின்னறையில் பழைய பெட்டிகள் கிடந்தன. ஒதுக்கிவிட்டுத் தரையைக் கழுவினேன். சும்மாதான். மழைக்காலத்தில் கரையான் வரும். ஜன்னல் பக்கம் இரண்டு பாய் போடும் அளவுக்கு இடம் இருக்கிறது.

ஜெபக்கனி வாசலில் நின்று பார்த்தாள்.

"எதுக்குப்பா இது?"

"கரையான் மக்கா."

"மாமன் இருக்கும்போது நாம பிள்ளைகளை எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு உதவி இல்லப்பா."

"நான் ஒண்ணும் சொல்லலியே ஏட்டி."

"நீங்க ஒண்ணும் சொல்லல."

பிறகு இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாய் சிசாலே ஒருவழியாகத் தோட்டத்துக்குப் போன் போட்டு மலூமேயைப் பிடித்துவிட்டாள். கொழுந்து எடுக்கும் காலம், கங்காணி விடுப்புத் தரவில்லையாம். அடக்கத்துக்கும் அதனால்தான் வரவில்லை. பிள்ளைகளின் முடியை எடுத்த விஷயத்தைச் சொன்னதும் "யார் எடுத்தது?" என்று கேட்டானாம். இவள் சொன்னாள். போனை வைத்துவிட்டான்.

"வருவானா?" என்று கேட்டேன்.

"வந்தா சண்டைக்கு வருவான். வரலைன்னா அதைவிட மோசம்" என்றாள்.

தையல்காரன் மனைவி இன்று சர்ச்சில் அலினாபேயின் தோளைத் தொட்டுப் பார்த்தாள், சந்தையில் துணியைத் தொட்டுப் பார்ப்பது போல.

பிப்ரவரி 4, புதன்

பேனா மை கசிந்தது. பாதி பக்கம் வீண். வயலில் சோளம் என் உயரத்துக்கு வந்துவிட்டது. லிம்பானி உள்ளே போய் ஒளிந்துகொண்டு கூப்பிடுகிறான். நான் தேடுவது போல நடிக்கிறேன். நேற்று உண்மையாகவே தொலைந்துபோனான். வயல் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். என் பின்னால்தான் நின்றிருந்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று மலூமே வந்தான். நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

கஞ்சி நேரம். கங்காணியிடம் ஒரு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வந்திருந்தான். ஒல்லியான மனிதன். தேயிலைக் கறை படிந்த விரல்கள். தலையும் தாடியும் காடாக வளர்ந்திருந்தன. அக்கா இறந்ததிலிருந்து அவன் எடுக்கவில்லை. கையில் துணியில் சுற்றிய ஒரு புதுக் கத்தி.

மாமரத்தடியில் பாய் விரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மாய் சிசாலே நடுவில். பிள்ளைகள் இரண்டு பேரும் என் பக்கத்தில் நின்றார்கள். அது சரியில்லை என்று தோன்றியது. ஆனால் நகர்த்தவில்லை.

தொகோசானி அவர்களின் தலையைப் பார்த்தான். முடி வளர ஆரம்பித்திருந்தது. கத்தியைப் பாயில் வைத்தான். அவன் சொன்னதை ஜெபக்கனி என் காதில் சொன்னாள்.

"எங்க அக்காவைப் புதைக்கும்போது நான் இல்ல. அவ பிள்ளைங்க முடியை எடுக்கும்போதும் நான் இல்ல. அப்புறம் நான் எதுக்கு?"

என் பக்கம் கையை நீட்டினான்.

"துக்கத்தை முடிச்சவரு இருக்காரு. அவரே வச்சுக்கட்டும்."

எழுந்துவிட்டான். அந்தக் கடைசிச் சொல்லை ஜெபக்கனி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே புரிந்தது. வச்சுக்கட்டும். லிம்பானி என் விரலைப் பிடித்திருந்தான். கழுவி வைத்த பின்னறை இருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

நான் விரலை விடுவித்துக்கொண்டு போய் அந்த மனிதனுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தேன். அவன் வைத்த கத்தியை எடுத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன். தலை குனிந்தேன்.

"யப்பா, என்ன பண்றீங்க?"

"நீ சொல்லு ஏட்டி. இந்த வீட்டு வயல்ல வேலை செஞ்சவன் நான். இந்தப் பிள்ளைகளுக்காக ஊர்ல மன்னிப்புக் கேட்டவன். நானும் துக்கத்துல சேந்தவன்தானே? என் முடி இன்னும் எடுக்கல. முடி எடுக்காத தலை இருக்கும்போது துக்கம் எப்படி முடியும்? அதை அவர் கையால எடுக்கச் சொல்லு. நான் எடுத்தது மொட்டை. அவர் எடுக்கிறதுதான் முடிவு."

ஜெபக்கனி சொன்னாள். மாய் சிசாலே தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "கிழவர் சொல்றது சரி. துக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கு. நான் மூடினேன்னு சொன்னேனா? யாராவது சொன்னீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் யார் சொல்வார்கள்?

தொகோசானி கத்தியைத் தொடவில்லை. "பெரியவரே, எழுந்திருங்க. தெரியாத ஒரு ஆளை நான் மொட்டை அடிச்சு என்ன ஆகப்போகுது?"

அப்போது அலினாபே பேசினாள்.

"தாத்தாவைத் திட்டாதீங்க மாமா. நான்தான் எடுக்கச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். தம்பிக்கு அரிச்சுது. ராத்திரியெல்லாம் அழுதான். நீங்க வரல. நாங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தோம். நீங்க வரல."

சொல்லாதே என்று நான் சொன்னதை அவள் கேட்கவே இல்லை. கேட்காததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தொகோசானி நின்றபடியே இருந்தான். பிறகு என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, என் பின்னால் முழங்காலில் உட்கார்ந்தான். கத்தி என் தலையில் பட்டது.

அவனுக்குக் கத்தி பிடிக்கவே தெரியவில்லை. கொழுந்து கிள்ளுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினான். சாய்த்துப் பிடி தம்பி, சாய்த்துப் பிடி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். காதுக்கு மேலே வெட்டிவிட்டான். லிம்பானி கையைக் கொட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. என் தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறேன் என்று நினைத்து, அவன் கையை எடுத்துவிட்டான். அப்புறம் நான் சிரிப்பது தெரிந்து அவனும் லேசாகச் சிரித்தான்.

முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரின் தலையிலும் பேருக்கு ஒரு முறை கத்தியை வைத்து எடுத்தான். பிறகு மாய் சிசாலே, "இப்போ மலூமேயின் முடி. அதை யார் எடுக்கறது?" என்றாள். அவனே என்னைப் பார்த்தான். முக்காலியைக் கொண்டு வந்தேன்.

தலை குனிந்திருக்கிறவன் அழுதால் எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவன் தலையைப் பிடித்திருக்கிற நாவிதனுக்குத் தெரியும். நான் அவசரப்படவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை, எடுத்த இடத்தையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்று, இரண்டு பிள்ளைகளின் தோளிலும் கை வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னான். "இவங்க என் பிள்ளைங்க. இரண்டு பேரும்." பெண்கள் குலவையிட்டார்கள். தையல்காரன் மனைவி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் பிரியவில்லை. மாமன் கூடவே தோட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். எனக்கு மிகவும் சந்தோஷம். சந்தோஷம் என்ற சொல்லை இரண்டு முறை அடித்து எழுதினேன்.

பிப்ரவரி 14, சனி

காலை பஸ்ஸில் போனார்கள். ஜெபக்கனி மருந்துப் பொட்டலமும் இரண்டு சீருடையும் கொடுத்து ஜெபம் பண்ணினாள். அலினாபே என்னிடம், "தாத்தா, கத்தியைவிட மண்வெட்டியை இன்னும் கொஞ்சம் நல்லாப் பழகுங்க" என்றாள். லிம்பானி பஸ் ஜன்னலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். தொகோசானிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான்.

பஸ் கிளம்பும் முன் அவன் என்னிடம் ஏதோ சொன்னான். எனக்கு முழுதும் புரியவில்லை. அக்காவின் வயல் என்பது மட்டும் புரிந்தது. ஜெபக்கனி சொன்னாள்: "அக்கா வயலை உங்ககிட்ட விட்டுட்டுப் போறாராம்பா. வேற யார்கிட்டயும் கொடுக்கலியாம். அறுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றாராம்."

வெயிலில் மொட்டைத் தலை சுட்டது. கண் கலங்கியது அதனால்தான்.

இன்று மாமரத்தடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முடி வெட்டினேன். புதிதாக வந்த ஒரு பையனிடம் முதலில் கேட்டேன், உன் மாமன் எங்கே என்று. அவன், அதோ மரத்தின் மேல் மாங்காய் திருடுகிறார் என்றான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு வயலுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பார்த்தால் ஒரு மூலையில் களை. குனிந்து பிடுங்கினேன். அது வேலையில் சேராது.

மாய் சிசாலே அந்த வழியாக வந்தாள்.

"மொட்டை மலூமே! உங்க தண்டனை முடிஞ்சு போச்சே. இன்னும் இங்க என்ன?"

"சும்மா பார்க்க வந்தேன் மாய்."

"பார்க்கிறவர் கையில எதுக்கு மண்ணு?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள், ஓடு அதிர்வது போல. பிறகு வரப்பைத் தாண்டி உள்ளே வந்து, அந்தப் பெரிய உடம்போடு குனிந்து, என் பக்கத்து வரிசையில் களை பிடுங்க ஆரம்பித்தாள்.

கதிர் விட்டிருக்கிறது. குஞ்சம் வெளியே வந்துவிட்டது. இன்னும் பால் பிடிக்கவில்லை. லிம்பானிக்குப் பச்சைச் சோளம் சுட்டுத் தின்னப் பிடிக்கும். அறுப்பு வரை ஒரு ஓரமாகப் பச்சையாகவே நிற்கிற மாதிரி கொஞ்சம் பின்விதைப்பு போடலாமா என்று மாய் சிசாலேயிடம் கேட்டேன். மண்ணில் ஈரம் இருக்கிறது, நாளைக்கே போடுங்கள் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முளைத்துவிட்டதா என்று போய்ப் பார்த்து, வந்து இதே பக்கத்துக்குக் கீழே எழுதுகிறேன். அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.